கம்பியில்லாத ஒரு ஞாயிறு

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்ரீராம்புரம் நாலாவது கிராஸ் தெருவில் வாழைக்கன்று கட்டாத வண்டி இல்லை. உடைத்த பூசணிக்காய்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. தமயந்திக்கு அதையெல்லாம் பார்க்கும் மனம் இல்லை. காலையிலிருந்து அவள் லேப்டாப்பின் மூலையில் தெரிந்த சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. இணைப்பு இல்லை.

கோர்ட்டுக் காகிதங்களைக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாற்றித் தரும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கணவன் எத்திராஜ் ஆட்டோ ஓட்டுபவன். மாதம் ஒன்றாகக் காலில் மாவுக்கட்டு. கக்கூஸுக்குப் போகக்கூட அவள் தோள் வேண்டும். விடுப்பெல்லாம் தீர்ந்த பிறகு மேனேஜர் ஒரு வழி சொன்னார்: "திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆன்லைன்ல இருந்தீங்கன்னா வீட்லருந்தே செய்ங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்மா, தப்பா எடுத்துக்காதீங்க."

மாடியில் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் வயர்லெஸ் இணையம் வைத்திருந்தார். சுவரில் ஓட்டை போட்டு வயர் இறக்க அவருக்கு மனம் இல்லை. "காத்துல வர்றத நீ எடுத்துக்கோம்மா, எனக்கென்ன" என்றார். வெள்ளிக்கிழமை அது நன்றாகவே வந்தது. ஆனால் பழைய லேப்டாப்பில் வைரஸ் மண்டிப்போய், ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால் சனிக்கிழமை மதியம், உடன் வேலை செய்யும் அருண்குமார் வந்து, எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தான். ஏற்றிய கையோடு ஊருக்கு ரயிலைப் பிடிக்க ஓடினான். அவன் போன பிறகுதான் தெரிந்தது, காற்றில் ஒன்றும் வரவில்லை.

"அந்த லினக்ஸ தூக்கிப் போட்டுட்டு பழசயே போட்டுடு தமா" என்றான் எத்திராஜ் கட்டிலிலிருந்து.

"பழசு இன்னும் இருக்குதா? அதத்தான் வழிச்சாச்சே."

கடைகளெல்லாம் பூஜைக்கு மூடியிருந்தன. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், முனிகிருஷ்ணன் வீட்டு மோடத்திலிருந்த முழ நீள வயரைச் செருகினாள். வயரில் இணையம் உடனே வந்தது. அருண்குமார் எழுதிக் கொடுத்துப் போயிருந்த லினக்ஸ்காரர்களின் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு, ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு, தன் கஷ்டத்தை எழுதிப் போட்டாள். கீழே தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். பண்டிகை நாளில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

இருபது நிமிடத்தில் போன் அடித்தது.

"நான் சரளா, சந்தாபுராலருந்து. மெயில் லிஸ்ட்ல உங்க லெட்டரப் பாத்தேன். மெஷின் முன்னாடிதான இருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"மேடமெல்லாம் வேணாம். ஒண்ணொண்ணா போலாம். மொதல்ல, மெஷினுக்கு உள்ள இருக்கற வயர்லெஸ் கார்டு கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கலாம்."

கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னாள். உள்ளே செருகியிருக்கும் பாகங்களின் பட்டியல் வரிவரியாக இறங்கியது. வயர்லெஸ் கார்டின் பெயரும் அதில் இருந்தது.

"அப்ப கார்டு சாகல. நல்ல சேதி. இந்தக் கார்டுக்கு ஒரு குணம் இருக்கு. கரண்ட் வந்ததும் முழிக்கும், ஆனா என்ன வேலை செய்யணும்னு அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் நாமதான் ஒரு ஃபைல அதுக்குள்ள ஊத்தணும். அந்த ஃபைல் உங்ககிட்ட இல்லன்னு நெனைக்கிறேன்."

தமயந்திக்குப் புரிந்தது. தினம் காலையில் பெயரைச் சொல்லி, முறையைச் சொல்லி வேலைக்கு அனுப்ப வேண்டிய ஆள். வயர் வழியே அந்த ஃபைலை இறக்கி, சரளா சொன்ன இடத்தில் வைத்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். முனிகிருஷ்ணன் டம்ளரில் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"உங்களுக்குத் தொந்தரவு அண்ணா."

"பரவாகில்லம்மா. டிவிலயும் ஒண்ணும் இல்ல."

சிவப்புக் குறி போகவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு இந்த ஹாலில் உட்கார்ந்திருந்தால், கீழே எத்திராஜ் யார் தோளைப் பிடிப்பான்?

"சரளா, ஆகல."

"இருங்க, இருங்க. ஆகலன்னா அதுவும் ஒரு பதில்தான். மெஷின் தான் பாத்ததையெல்லாம் ஒரு எடத்துல எழுதி வெக்கும். கடைசிப் பத்து வரியப் படிங்க."

ஆங்கில வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஏழாவது வரியில் சரளா நிறுத்தினாள். ரேடியோவை, அதாவது வயர்லெஸ்ஸை, நிறுத்தும் ஸ்விட்ச் போட்டிருக்கிறது, அதைத் தள்ளினால்தான் வேலை நடக்கும் என்றது அந்த வரி.

"பாத்தீங்களா? அந்த ஃபைல் உள்ள போனதாலதான் கார்டுக்கு இதச் சொல்லவே வாய் வந்துச்சு. இப்ப லினக்ஸ் பக்கம் எல்லாம் சரி. விமானத்துல ரேடியோ போடக் கூடாதுல்ல, அதுக்குன்னு மெஷின்லயே ஒரு தள்ளு ஸ்விட்ச் வெச்சிருப்பாங்க. அத அணைச்சுட்டா எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடி ஓரத்துல பாருங்க."

தமயந்தி லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஸ்விட்ச் இல்லியே. சந்தனம்தான் இருக்குது."

"என்ன இருக்குது?"

"சந்தனம். நடுவுல குங்குமம். நேத்து பூஜ போட்டோம்."

மறுமுனையில் சரளா சிரித்த சிரிப்பில் முனிகிருஷ்ணனே திரும்பிப் பார்த்தார்.

தமயந்திக்கு நேற்றைய காலை வரிசையாகக் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு வருஷமும் எத்திராஜ் ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைப்பான். இந்த வருஷம் ஆட்டோ வேறொருவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவளுடைய லேப்டாப்பை ஈரத்துணியால் ஓரம் விடாமல் அழுத்தித் துடைத்தான். "இப்ப நமக்கு சோறு போடறது இதானே" என்று சொல்லிச் சந்தனத்தைத் தாராளமாக அப்பினான். துடைத்தபோது ஸ்விட்ச் நகர்ந்திருக்கிறது. அப்பிய சந்தனம் காய்ந்து அதை மூடிவிட்டது. ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்திருந்தது. பழி முழுக்கப் புதிதாக வந்த லினக்ஸ் மேல் விழுந்தது.

ஊக்கை எடுத்து மெல்லச் சுரண்டினாள். சந்தனம் வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் நகக்கண் அளவு ஸ்விட்ச். வலப்பக்கம் தள்ளினாள். ஓரத்தில் நீல விளக்கு எரிந்தது. சிவப்புக் குறி மறைந்து, முனிகிருஷ்ணன் வீட்டு இணைப்பின் பெயர் வந்து நின்றது.

"வந்துடுச்சு" என்றாள். பிறகு கேட்டாள்: "பண்டிகை நாள்ல ரெண்டு மணி நேரம் எனக்காக உக்காந்தீங்க. உங்களுக்கு நான் என்ன செய்யறது?"

"என்ன ஆச்சு, எப்படிச் சரியாச்சுன்னு லிஸ்ட்ல எழுதிடுங்க. அடுத்து மாட்டுறவங்க தேடுவாங்க. எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு. சந்தனத்தையும் சேத்து எழுதுங்க, நெஜமாத்தான் சொல்றேன்."

கீழே வந்ததும் எத்திராஜிடம் நீல விளக்கைக் காட்டினாள். விஷயம் கேட்டு அவன் முகம் சுருங்கியது.

"நான் பண்ண வேலையா? வண்டி ஹாரனுக்குக்கூடதான் வெக்கறேன். அது அடிக்காமயா போச்சு?"

"ஹாரன்ல மூக்குப்பொடி அளவு வெப்பே. இதுக்கு கல்யாணப் பந்தி மாதிரி வெச்சிருக்கே."

அவன் சிரித்தான். அவள் குங்குமத்தை எடுத்து லேப்டாப் மூடியின் நடுவில், எந்த ஸ்விட்சும் இல்லாத இடமாகப் பார்த்து, அவனையே ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் காகிதம் வந்தது, ஒரு பாகப்பிரிவினை வழக்கு. மூன்றாவது பத்தியில் இருந்தபோது எத்திராஜ் கூப்பிட்டான். லேப்டாப்பை மூடாமல் எழுந்து போய்த் தோளைக் கொடுத்தாள்.