ஐந்தாம் இலக்கக்காரி

சுஹைராவின் விரலை எந்த யந்திரமும் ஏற்றுக்கொள்வதில்லை. சீனக்குடாவில் அவள் வேலை செய்யும் கடலட்டைக் கொட்டிலில், விரல் வைத்து வரவு பதியும் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. மற்றவர்கள் வைத்தால் பச்சை எரியும். அவள் வைத்தால் சிவப்பு. ஆறு வருடமாக அட்டையின் தோலை மணல் போட்டுத் தேய்த்ததில், விரல் நுனியில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. அதனால் அவளுக்கு மட்டும் ஒரு கொப்பி, அதில் கையெழுத்து. ரேகையைத் தின்றதும் அந்தக் கொட்டில்தான், ரேகை எங்கே என்று முகம் சுளிப்பதும் அந்தக் கொட்டில்தான். இந்தக் கதையை என்னால் ஆறுதலாகச் சொல்ல முடியாது, பிள்ளைகளே. கொஞ்சம் சூடாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலட்டை தெரியும்தானே? கடலடி மணலில் கிடக்கும், கத்தரிக்காய்ப் பருமனில் ஒரு சீவன். நம் ஆட்கள் தின்பதில்லை. முங்கி எடுத்து, குடல் நீக்கி, அவித்து, தேய்த்து, காயவைத்துச் சீனத்துக்கு அனுப்புவதோடு நம் வேலை முடிந்தது. சுஹைராவின் புருஷன் றுவைஸ், அவர்களுடைய ஊரான கிண்ணியாவிலிருந்து முங்கப் போகிறவன். முங்குகிறவர்கள் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நூலட்டை, கல்லட்டை, பூனையட்டை, அன்னாசியட்டை. காய்ந்த பிறகு எல்லாமே கருகிய விறகுத் துண்டு மாதிரித்தான் கிடக்கும். அதைக் கையில் எடுத்ததும் இன்ன அட்டை என்று சொல்லக்கூடியவள் அந்தக் கொட்டிலில் சுஹைரா ஒருத்திதான்.

ஒவ்வொரு சாக்கிலும் இனம், நிறை, அவித்த திகதி எல்லாவற்றையும் சீன எழுத்தில் ஒட்ட வேண்டும். முன்பு அது கொழும்பில் அச்சாகி வரும். வரப் பிந்தும். இரண்டு வருடத்துக்கு முன், வாங்குகிற கம்பனிக்காரர் ஒரு கைக்கணினியை அனுப்பினார்கள். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அடியில் ஒரு வாய். எழுதி முடித்து அமத்தினால் அந்த வாயால் ஸ்டிக்கர் வரும். மனேஜர் இராசதுரை ஒரு கிழமை அதைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் சீனம். பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

தான் ஒருக்கால் பார்க்கட்டுமா என்று கேட்டவள் சுஹைரா. பழைய ஸ்டிக்கர்களை நாலு வருடமாகப் பார்த்துப் பார்த்து, எந்த உருவம் எந்த அட்டைக்கு என்பது அவளுக்குக் கண்பாடமாகியிருந்தது. வாசிக்கத் தெரியாது. ஆனால் பத்து ஸ்டிக்கரைக் கலந்து போட்டாலும் பிரித்துத் தருவாள்.

திரையும் அவளுடைய விரல் நுனியை ஏற்கவில்லை. சின்ன விரலின் பக்கவாட்டில் மட்டும் இன்னும் பழைய தோல் இருந்தது. அதை வைத்துக் கடலுக்கான எழுத்தை வரைந்து பார்த்தாள். அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று துளி தெறித்திருக்கும். துளி இருந்தால் தண்ணீர்க் காரியம் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் சின்னதில் அரபு ஓதப் போய் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கையல்லவா? வலப்பக்கத்தில் தொடங்கி, துளிகளைக் கடைசியில் போட்டாள். கணினி என்னென்னவோ எழுத்தைக் காட்டிற்று. பானையடியில் அட்டை அவித்துக்கொண்டு நின்ற சல்லி ஊர்க் கனகம்மா எட்டிப் பார்த்தாள்.

“சீனக்குடாவில இருந்துகொண்டு சீனம் தெரியாதெண்டா வெக்கமெல்லோ பிள்ளை. விடாமல் எழுது.”

மூன்றாம் நாள் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். கடல் வந்தது.

எழுத்து வந்தால் அதன் ஓசையும் மேலே ஆங்கில எழுத்தில் வரும். அதைத் தமிழில் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிறகு வரைய வேண்டியதில்லை. ஓசையை அடித்தால் கீழே ஒரு வரிசை எழுத்து வந்து நிற்கும், சரியானதைத் தொட வேண்டும். பொல்லாத்தனம் எல்லாம் அங்கேதான். ஒரே ஓசைக்குப் பதினைந்து எழுத்து நிற்கும். முதலில் நிற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஆணி வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்த்துத் தொட வேண்டும். அவள் பார்த்துத் தொட்டாள்.

ஒரு மாதத்தில் இன்னொரு வழியும் கண்டாள். நாமே ஒரு சொல்லைக் கொடுத்து, அதை அடித்தால் முழு வரியும் வரும்படி அந்தக் கணினியில் சேமித்து வைக்கலாம். முங்குகிறவர்கள் அட்டைக்கு வைத்த பெயர்களையே அவள் ஆங்கில எழுத்தில் கொடுத்தாள். நூல் என்று அடித்தால் நூலட்டையின் சீனப் பெயர், தரம், அவித்த விதம் எல்லாம் ஒரே தொடுகையில் விழும். பூனை என்று அடித்தால் பூனையட்டை. இப்படி இருபத்து மூன்று. நாளுக்கு நாற்பது சாக்கு போன இடத்தில் இருநூறு போயிற்று.

ஒரு விஷயத்தை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியைத் திறக்க ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்துக்கு உரியவரின் பெயர் ஸ்டிக்கரின் அடிவரியில் விழும். இலக்கம் உத்தியோகத்தர்களுக்குத்தான் என்று சொல்லி, இராசதுரை அவளுக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கவில்லை. தன்னுடைய முதலாம் இலக்கத்தைப் பாவிக்கச் சொன்னார். இரண்டு வருடம் போன அத்தனை சாக்கிலும் அவருடைய பெயர். எழுதியவள் அட்டை தேய்க்கிறவள்.

இந்தப் பங்குனியில் கம்பனியிலிருந்து அந்தக் கணினிக்கே ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு முழுவதும் புரியவில்லை. எழுதுகிற ஆள், நல்ல கை, என்றைக்கும் வைத்திருங்கள் என்ற அளவுக்குப் புரிந்தது. அன்று பின்னேரம் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, மடியில் கிடந்த கையை எடுத்துத் தானே பார்த்துக்கொண்டாளாம். கனகம்மாவிடம் பிறகு சொன்னது இது.

அவள் காட்டிய கடிதத்தை இராசதுரை கொழும்பில் யாரிடமோ கொடுத்து மொழிபெயர்ப்பித்தார். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு நிரந்தரப் பதவி ஒன்று கொடுக்கும்படி கம்பனி கேட்டிருந்தது. உடனே ஆயத்தம் நடந்தது. குளிரூட்டிய அறை, மேசை, சுழலும் கதிரை. திங்கட்கிழமை காலை அந்தக் கதிரையில் இருந்தவன் இராகுலன், மனேஜரின் தங்கை மகன். டவுனில் கணினிப் பாடம் படித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறான். கொழும்பிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, மற்ற உத்தியோகத்தர்களுக்கு அடுத்ததாக அவனுக்கு நாலாம் இலக்கம் எடுத்துக் கொடுத்தாயிற்று.

சுஹைராவைக் கூப்பிட்டு மனேஜர் விளங்கப்படுத்தினார். அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பதவிக்கு உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அதோடு, குளிரூட்டிய அறைக்குள் அட்டை மணம் நின்றுவிடும், கழுவினாலும் போகாத மணம் என்றார். எப்படி இருக்கிறது கதை? அந்த மணத்தை விற்றுத்தானே அறைக்குக் குளிர் பூட்டினார்கள்? சுஹைரா கணினியை மேசையில் வைத்துவிட்டு வந்து, தேய்க்கிற பிறஷை எடுத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நானூறு சாக்கு கட்டி நிற்கிறது. இரண்டு மணிக்குக் கொழும்பு லொறி. இராகுலன் அடித்துக் கொடுத்த முதல் ஸ்டிக்கரை மனேஜர் படம் பிடித்துக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அதில் எழுதியிருப்பது கடலட்டை இல்லையாம். மனிதர் தின்கிற சாமானே இல்லையாம்.

மனேஜர் அறையிலிருந்து நேரே தேய்க்கிற தொட்டியடிக்கு வந்தார். பன்னிரண்டு பெண்கள் குந்தியிருக்கிறார்கள். அதுவரை அவர் சுஹைராவை அழைத்தது தங்கச்சி என்றும் நீங்கள் என்றும்தான்.

“நீதான் லிஸ்ட்டை அழிச்சுப்போட்டு வந்தனி. பொறாமை. இண்டையோட வேலையை விட்டு நில். உன்ரை மனுசன் கொண்டு வாற அட்டையும் இனி இந்தக் கேற்றுக்குள்ள வரப்படாது.”

சேமித்து வைத்த இருபத்து மூன்றும் கணினியில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வேலை போவது ஒன்று. பொறாமைக்காரி என்ற பெயரோடு கிண்ணியாவுக்குப் போவது வேறு. அவளால் றுவைஸின் பிழைப்பும் போகிறது.

“அத ஒருக்காத் தாங்க சேர்,” என்றாள். “ஆரு அழிச்ச எண்டு அதுவே எழுதி வெச்சிருக்கும்.”

கணினியை இராகுலன் கொண்டுவந்து கொடுத்தான். கையை உடுப்பில் துடைத்து, சின்ன விரலின் பக்கத்தால் இரண்டு மூன்று இடம் தொட்டாள். நடந்ததெல்லாம் பதிவாகும் ஒரு பக்கம் அதில் உண்டு. அதுவும் சீனத்தில்தான்.

“நாலாம் இலக்கம். நேத்துப் பின்னேரம் மூண்டு பத்து. இருபத்தி மூண்டும் ஒண்டா அழிச்சிருக்கு.”

மனேஜர் குனிந்து பார்த்தார். அந்த எழுத்துக் கூட்டத்துக்குள் இலக்கங்கள் மட்டும் அவருக்கும் தெரிந்தன.

“நாலெண்டா? நாலு சாக்கா இருக்கும், நாலு கிலோவா இருக்கும். நீ வாசிக்கிறதை நான் எப்பிடி நம்புறது?”

கேட்டீர்களா? இரண்டு வருடமாக இவள் எழுதியதை நம்பித்தானே கப்பல் கப்பலாக அனுப்பினார்? அவருக்குக் காசு வரும்போது அவளுக்குச் சீனம் தெரியும். அவளுடைய மானத்துக்கு வேண்டிவரும்போது தெரியாது.

நல்லகாலம், அந்தப் பொடியனிடம் கொஞ்சம் நேர்மை மிச்சம் இருந்தது.

“மாமா, நான்தான்,” என்றான் இராகுலன். குரல் நிலத்துக்குள் போயிற்று. “திறந்து பார்க்க நூல், பூனை, கல்லு எண்டு கிடந்தது. ஆரோ விளையாடி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சுத் துடைச்சனான்.”

கடலட்டையைப் பொதி கட்டி விற்கிற இடத்தில், அட்டையின் பெயர் தெரியாத ஒருவனுக்குப் பதவி.

“பூனை எண்டா மியா எண்டு கத்துமெண்டு நினைச்சீரோ தம்பி,” என்றாள் கனகம்மா. பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். சுஹைரா சிரிக்கவில்லை. மனேஜரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ அழிக்கவில்லை என்ற ஒரு சொல் வரும் என்று பார்த்தாள்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. தங்கச்சி, நீங்கள் இருந்து கெதியா அடியுங்கோ.”

“எந்த இலக்கத்தில சேர்?”

“என்ரை இலக்கத்திலதான். வழக்கம்போல.”

“ஏலாது.”

ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் அங்கே சொன்னதில்லை. கணினியைத் தேய்க்கிற பலகையில் வைத்துவிட்டுக் குந்தினாள். இலக்கம் உத்தியோகத்தருக்குத்தான் என்று அவர் திரும்பவும் சொல்ல, அப்படியென்றால் உத்தியோகத்தரே அடிக்கட்டும் என்றாள். கம்பனி கோபித்தால் எல்லாருக்கும்தான் நட்டம் என்று அவர் மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். கனகம்மா பானையடியில் எரிந்த கொள்ளியை மெதுவாக வெளியே இழுத்துப் போட்டாள். அரை அவியலில் நின்ற அட்டை கெட்டுப்போகும் என்பது மனேஜருக்குத் தெரியும். அடுத்த பெண் பிறஷைக் கீழே வைத்தாள். அதற்கடுத்தவளும் வைத்தாள்.

ஒன்றேகாலுக்கு இராசதுரை கணினியைக் கையில் எடுத்தார். புது இலக்கம் கொடுக்கிற அதிகாரம் முதலாம் இலக்கத்துக்குத்தான். ஆனால் எங்கே தொடுவது என்று அவருக்குத் தெரியாது. அதையும் அவளிடம்தான் கேட்க வேண்டி வந்தது. அவள் காட்டக் காட்ட, அவர் தன் மெதுவான விரலால் தொட்டார். ஐந்து என்ற இலக்கம் திரையில் வந்தது. பெயர் போடும் இடம் வந்ததும் கையை நீட்டிக் கணினியை வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய பெயருக்குச் சீனத்தில் எழுத்து ஏது? ஓசைக்கு ஓசைதான் தேட வேண்டும். சு என்பதற்கு ஒன்று எடுத்தாள். ஹை என்று அடித்தபோது வந்து நின்ற வரிசையில், அவள் முதன்முதலில் பிழையாக வரைந்த அந்தக் கடல் நின்றது. மூன்று துளியோடு. அதைத் தொட்டாள். ரா என்ற ஓசை அவர்களிடம் இல்லை, லா போட்டாள்.

பிறகு இருபத்து மூன்று பெயரையும் கொப்பி பாராமல் திரும்ப ஏற்றினாள். கனகம்மா கொள்ளியை உள்ளே தள்ளினாள். லொறி இரண்டு மணிக்குப் பதிலாக நாலரைக்குப் புறப்பட்டது. நானூறு சாக்கு, நானூறு ஸ்டிக்கர், எல்லாவற்றின் அடிவரியிலும் நடுவில் கடல் உள்ள மூன்று எழுத்து.

மனேஜர் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லைச் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. சுழலும் கதிரையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதில் இராகுலன்தான் இருக்கிறான், செய்வதற்கு ஒன்றுமில்லாமல். அவள் தேய்க்கிற பலகையடியில் நின்றபடிதான் அடிக்கிறாள்.

ஆனால் அன்று லொறி போனபிறகு அவள் கணினியை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. பங்குனியில் வந்த கடிதம் பதில் போகாமல் அதற்குள் அப்படியே கிடந்தது. அதைத் திறந்தாள். தெரிந்த எழுத்துகளைக்கொண்டு, ஐந்தாம் இலக்கத்தில், மூன்று வரி அடித்தாள். இரண்டு வருடமும் எழுதிய கை என்னுடையது. என் பெயர் கீழே இருக்கிறது. நீங்கள் சொன்ன பதவி எனக்கு வரவில்லை. பிழை ஏதும் உண்டோ என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

அலுமாரிச் சாவியோடு வந்த இராசதுரை, இப்போது என்னத்தை அனுப்பினாய் என்று கேட்டார்.

சுஹைரா திரையை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“வாசிச்சுப் பாருங்க சேர்.”