கண் சிமிட்டாத விளக்கு

ஜீப்பின் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அவள் பட்டறை வாசலிலேயே நின்றாள். அண்ணனின் உடலைத் தர ஆஸ்பத்திரியில் அவனுடைய லைசென்ஸைக் கேட்கிறார்கள், ஜீப்பில்தான் இருக்கும், நீயே போய் எடுத்து வா என்று அண்ணி அனுப்பியிருந்தாள்.

நேற்று மத்தியானம், கொட்டும் மழையில், திருப்பத்தில் திரும்பிய ஜீப்பைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளிவிட்டது. இண்டிகேட்டர் சிமிட்டவே இல்லை என்று லாரிக்காரன் அழுதானாம்.

அந்தப் பழைய ஜீப்புக்குப் புது இண்டிகேட்டர் விளக்குகள் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். முன்பிருந்த மாதிரியே குண்டு பல்பு போதும் என்றான் அண்ணன். கடைக்காரர் எரியவிட்டுக் காட்டிய எல்இடி விளக்கில் சொக்கிப்போய், இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மாட்டி முடித்ததும் இந்தப் பட்டறை மெக்கானிக் அவளைத் தனியே அழைத்தார்.

"சிமிட்ட வைக்கிற ஃபிளாஷரையும் மாத்தணும்மா. இந்த லைட்டு இழுக்கிற கரண்டு ரொம்பக் கம்மி, பழைய ஃபிளாஷருக்குப் பத்தாது. எரிஞ்சுக்கிட்டே நிக்கும், சிமிட்டாது."

புது ஃபிளாஷர் வர ஒரு வாரமாகும், அதுவரை அண்ணனிடம் சொல்லி வையுங்கள் என்றார். அவள் சொல்லவில்லை. சொன்னால் மாதக்கணக்கில் கேலி செய்வான். ஒரு வாரம்தானே.

இப்போது மெக்கானிக், இடிபட்ட ஜீப்பை இழுத்துவந்து நிறுத்தியிருந்த பின்கட்டுக்கு அவளை அழைத்துப் போனார். எங்கே கேட்டுவிடுவாரோ என்று அவர் முதுகைப் பார்த்தபடியே நடந்தாள். ஜீப்பருகே வந்ததும் கேட்டுவிட்டார்.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களாம்மா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அது சிமிட்டலேன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. முந்தாநாள் காத்தடிக்க வந்தாரு. என்னண்ணே, லைட்டு எப்படின்னேன். 'என் தங்கச்சி செலக்‌ஷன், ஜம்முனு இருக்கு'ன்னு சொல்லிட்டு, கையை வெளிய நீட்டிக் காட்டித்தான் ரோட்டுல திரும்பினாரு."

அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சீட் ஊறிக் கிடந்தது. மறுபக்கக் கண்ணாடி இறுக மூடியிருந்தது. இந்தப் பக்கத்துக் கண்ணாடி உடையவில்லை, அவ்வளவு மழையிலும் அடிவரை இறக்கிவிடப்பட்டிருந்தது.

லைசென்ஸ் டாஷ்போர்டு டப்பாவுக்குள் நனையாமல் இருந்தது.

"திரும்பவும் தூறுது. கண்ணாடிய ஏத்திடுங்கம்மா" என்றார் மெக்கானிக்.

அவள் கண்ணாடியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஆனால் அதைச் சுற்றவில்லை.