பாதை எந்தப் பக்கம் வளைந்தது

மழையில் நின்றுகொண்டிருக்கிறாள், வைக்கோல் தொப்பி, நீலக் கால்சட்டை, கையில் பூவாளி, தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லாத நாளில் பூவாளியைப் பிடித்துக்கொண்டு டிவித் திரையில் ஒரு தோட்டத்து நடுவில் நிற்கிற கட்டைவிரல் உயரப் பெண், இவன் பொத்தானை அழுத்தாதவரை எங்கும் போகமாட்டாள், வெகுநேரம் சும்மா விட்டால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்பாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கோபம், சமையல்கட்டில் அம்மா ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைத் தாளிக்கிறாள், கடுகு வெடிக்கிறதும் டிவிக்குள் மழை பெய்கிறதும் ஒரே சத்தமாகக் கேட்கிறது, இவன் சோபாவில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு, ஒரு தையல் நூலளவு விலகினாலும் கண்ணில் முள்ளாகக் குத்தும், கோணலைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், இந்தப் பெண்ணைத் தூங்கவைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழிக்கிறான், அவள் போய்ப் படுத்தால்தான் அந்த விளையாட்டில் ஒரு நாள் முடியும், முடிந்த நாளைத் திருப்ப முடியாது, அது இவனுக்கு ஆடி மாதத்தில் உறைக்கவில்லை.

தோட்டம் சிவரஞ்சனியுடையது, சிவரஞ்சனி இவன் பெண்டாட்டி, இன்னும் பெண்டாட்டிதான், கோயமுத்தூரில் தனியாக ரூம் எடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பெண்டாட்டி, கல்யாணத்துக்குக் கட்டில் பீரோவோடு டிவியில் மாட்டி விளையாடுகிற இந்த விளையாட்டுப் பெட்டியும் வேனிலிருந்து இறங்கியபோது சொந்தக்காரர்கள் புது மாதிரி மிக்சி என்று நினைத்தார்கள், இவன் நினைத்தது அதைவிட மோசம், காசு கொடுத்து வாங்கி நாளெல்லாம் மண்ணைக் கொத்துவாளாம், இதைச் செய்ய முடியாது என்றுதானே எங்கள் பாட்டன் திருப்பூருக்கு ஓடிவந்தார் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான், அவளும் கூடச் சிரித்தாள், அப்போது சிரித்தாள், சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துக் கொஞ்ச நேரம் விதைப்பாள், கோழிகளுக்குத் தன் ஹாஸ்டல் தோழிகளின் பெயரை வைத்துக் கூப்பிடுவாள், அம்மா அந்தப் பக்கம் போகும்போது இன்னைக்கு என்ன அம்மணி வெள்ளாமை என்பாள், வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை, வந்த புதிதில் சிவரஞ்சனி காப்பித்தூள் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள், மறுநாள் அது பழையபடி மேல்தட்டில் இருந்தது, அவள் இறக்கினாள், அது ஏறியது, அம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் பேசவில்லை, பேசினது இவன் ஒருத்தன்தான், டப்பாவுக்குக் கால் முளைத்துவிட்டது என்றான், அம்மா சிரித்தாள், இவன் சிரித்தான், ஒருத்தி சிரிக்காததை இவன் கணக்கில் சேர்க்கவில்லை, கொஞ்ச நாளில் டப்பா மேல்தட்டோடு நின்றுவிட்டது, திரைச்சீலை, துவைத்த துணியை மடிக்கிற விதம், கட்டில் தலைமாடு எந்தப் பக்கம், ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

பிறகு ஆடி வந்தது, தலை ஆடிக்குப் புது மருமகள் மாமியார் வீட்டில் இருக்கக்கூடாது, அவள் அப்பா பழத்தட்டோடு வந்து கூட்டிப்போனார், கேலி செய்ய ஆளில்லாத வீட்டில் இவனுக்கு வாய் நமநமத்தது, அவள் வந்ததும் கேலி செய்ய இன்னும் நாலு விஷயம் கிடைக்குமே என்றுதான் அந்த விளையாட்டைப் போட்டான், ஒரு முள்ளங்கியை விதைத்தான், தண்ணீர் ஊற்றினான், அந்தத் தொப்பிக்காரியைப் படுக்கவைத்தான், எழுப்பினான், இரண்டு மூன்று தூக்கத்தில் அது தலைகாட்டியது, பிடுங்கியபோது ப்ளுக் என்று ஒரு சத்தம், நாள் முழுக்க உருப்படிகளை விரித்துப் பார்த்து இது சரியில்லை இது சரியில்லை என்று தள்ளுகிறவனிடம், இந்தா, இது சரியாக வந்திருக்கிறது என்று யாரோ கையில் கொடுத்ததுபோல் இருந்தது, அட, என்றான் வாய்விட்டு, எதிரே யாருமில்லை, மறுநாள் கம்பெனியில் கிழிந்த பனியனைக் கையில் வைத்துக்கொண்டு பூசணிக்காயை நினைத்துக்கொண்டிருந்தான், என்னங்க சார் தானாச் சிரிக்கறீங்க என்று டெய்லர் கேட்டார், காதல் வந்துவிட்டது, விளையாட்டின் மேலா சிவரஞ்சனி மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவள் நட்ட சூரியகாந்திகளுக்கு நடுவே நடந்தால் அவள் கூடவே வருகிற மாதிரி இருந்தது, காதல் வந்த எந்த மடையனும் செய்வதை இவனும் செய்தான், திருத்த ஆரம்பித்தான், பூச்செடிகள் லாபமில்லை, பிடுங்கிவிட்டுப் பூசணி போட்டான், வரிசை வரிசையாகத் தானே தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் வைத்தான், பாதை ஏதோ தூக்கத்தில் போட்டதுபோல் வளைந்து கிடந்தது, கல்லைப் பெயர்த்து நேராகப் போட்டான், ஒவ்வொரு தடவையும் தொப்பிக்காரியைத் தூங்கவைத்து நாளை முடித்தான், அவள் திரும்பி வந்து பார்த்தால் கண் கலங்கிவிடுவாள் என்று நினைத்தான், அந்த ஒன்றை மட்டும் சரியாகத்தான் நினைத்தான்.

ஆவணியில் வந்தவளைப் பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் டிவி முன்னால் உட்காரவைத்தான், அம்மாவையும் கூப்பிட்டான், இனிமேல் நீ தண்ணியே ஊத்த வேண்டாம் என்றான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நசீமா எங்கீங்க என்று கேட்டாள், நசீமா ஒரு கோழி, அது முட்டையே விடலை, வித்துட்டேன் என்றான், அவ முட்டை விடமாட்டாள்னு எனக்குத் தெரியுமுங்க என்றாள், பிறகு, இங்க ஒரு பாதை இருந்துச்சுங்களே என்றாள், அது கோணையா இருந்துச்சு, நேர் பண்ணிட்டேன் என்றான், போற வழியில குளம் தெரியட்டும்னு வளைச்சிருந்தேனுங்க, இவனுக்கு அப்போதும் புரியவில்லை, தொப்பிக்காரியைத் தோட்டத்து வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினான், சிவரஞ்சனி ஜன்னலோரம் போட்டிருந்த அடுப்பை மூலைக்குத் தள்ளியிருந்தான், மேலே தட்டு, தட்டில் வரிசையாக ஜாடிகள், அவள் ரொம்ப நேரம் பார்த்தாள், அத்தை சமையக்கட்டு மாதிரியே இருக்குதுங்க என்றாள், அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, எம்பையன் கை பட்டா அப்படித்தான் அம்மணி என்றாள், அந்தக் கணத்தில்தான் இவனுக்கு உறைத்தது, இந்த வீட்டில் அவள் ஒரு பொருளைத் தன் இஷ்டத்துக்கு வைத்த ஒரே இடம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, இவன் அதற்குள்ளும் போய் ஒழுங்குபண்ணிவிட்டு வந்திருக்கிறான், பழையபடி மாத்திரலாம் என்று எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான், தூங்கின நாளெல்லாம் தூங்கிவிட்டன, கலங்கின கண்ணோடு பரவாயில்லீங்க என்றாள் அவள், திட்டியிருந்தால் சமாளித்திருப்பான், பரவாயில்லீங்க என்பதற்கு இவனிடம் ஜோக் இல்லை, அதன்பிறகு அவள் அதைத் தொடவில்லை, கார்த்திகையில் வேலை கிடைத்தது என்று போனாள், ஏன் தினம் போய்வரக்கூடாதா என்று ஊர் கேட்டது, அம்மா கேட்டாள், கேட்காதவன் இவன் ஒருத்தன்தான்.

இன்றைக்குக் காலையில் ஒரு யோசனை வந்தது, அவள் தோட்டத்தை இருந்தது இருந்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டால், கொடுத்துவிட்டுக் கூப்பிட்டால் வந்தாலும் வருவாள், பூசணியைப் பிடுங்கினான், பாதைக் கற்களைப் பெயர்த்தான், பெயர்த்த பிறகுதான் கை நின்றது, அந்தப் பாதை எந்தப் பக்கம் வளைந்தது, ஆடி முழுக்க அதில் நடந்தவன், கோணல் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது, எப்படிப்பட்ட கோணல் என்று பார்க்கவே இல்லை, போன் போட்டான், சாப்பிட்டாச்சுங்களா என்றாள், இனிமேதான் என்றான், ரஞ்சனி, அந்தப் பாதை குளத்துக்கு இந்தப் பக்கமா வளைஞ்சுது, அந்தப் பக்கமா, அவள் பக்கம் பின்னால் ஏதோ பாட்டு ஓடியது, அவள் இந்த வீட்டில் பாட்டுப் போட்டு இவன் கேட்டதில்லை, எனக்கு நெனவில்லீங்க என்றாள், கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னாள், நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க, உங்க தோட்டந்தானுங்க அது.

போட்டான், தொப்பிக்காரியை முன்னால் நடக்கவிட்டு ஒவ்வொரு கல்லாகப் போட்டான், கண்ணை மூடிக்கொண்டுகூட ரெண்டு கல் போட்டான், அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள், இப்பத்தான் கண்ணு அழகா இருக்குது, ஒரே அளவா வளைச்சிருக்கறே என்றாள், பார்த்தான், ஒரே அளவாகத்தான் இருந்தது, தையல் மெஷினில் வைத்து இழுத்ததுபோல், சோறு ஆறுது வா என்று அம்மா உள்ளே போனாள், மழை விடவில்லை, தொப்பிக்காரி கால் மாற்றி நின்றாள், அவளைப் போய்ப் படுக்கவைத்தால் இந்தக் கோணல் சிவரஞ்சனியுடையது என்று நிலைத்துவிடும், படுக்கவைக்காமல் அணைத்தால் இன்றைய நாளே நடக்காததாகிவிடும், மறுபடி போடும்போது பூசணி அதன் வரிசையில் இருக்கும், கல்லெல்லாம் நேராக இருக்கும், இவன் எழுந்து போய், அவள் நனைந்துகொண்டு நிற்கும்போதே, சுவிட்சை அணைத்தான்.