முள் நின்ற இடம்

1

இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை. ரயிலில் ஜன்னலோர இருக்கையைக் கொடுத்து வாங்கினேன். நான் ஹட்டனில் ஏறியவன். வட்டவளையில் ஏறியவர் சுலக்ஷனா. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் பட்டப்பின்படிப்பு படிப்பவர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. (அதனால் சொல்கிறேன்: ஓர் இருக்கைக்கு இந்தக் கதை மலிவு.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த ஒரு காலையில், கொழுந்து பறிக்கும் பெண்கள்—

விட்டுவிட்டேன். மூடுபனியை ரசிப்பவர் சுற்றுலா வேனில் வந்து அதே வேனில் போகிறவர். இன்னொன்று:

இறந்தவர்களின் கைகளை மட்டுமே அறிந்திருந்த ஒருத்தி—

பரவாயில்லை. ஆனால் பேய்க்கதை என்று நம்பி வாங்கியவர் நாளைக்கே திரும்ப வந்து சண்டை போடுவார்.

2

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கையில், கட்டைவிரலின் அடியில் இருக்கும் தசைமேடு என்ன ஆகிறது? இதுதான் அவருடைய ஆய்வு. மேசையில் கிடத்திய உடல்களில் அந்தத் தசையை இழை இழையாகப் பிரித்துப் பழகியவர், உயிருள்ள நாற்பது கைகளைத் தேடித் தான் பிறந்த தோட்டத்துக்கே போனார். குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே கருவியை வைத்தார். ஓர் இரும்புப் பிடி, மேலே ஒரு முள். அழுத்தினால் பிடியின் பலம் எத்தனை கிலோ என்று முள் காட்டும்.

கொழுந்து பறிப்பவர்களில் முதலில் பேச்சியம்மா அழுத்தினார். பதினொன்று.

"இன்னும் அழுத்துங்க அத்தே."

"அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன். இதுக்கு மேல அழுத்துனா ஒன் மெசினுக்குத்தான் வலிக்கும்."

காளியாயி பத்து. அடுத்தவர் பன்னிரண்டு. நாற்பது பேரும் அந்த அளவைத் தாண்டவில்லை. பேனா பிடிக்கும் மாணவிகள் இருபத்தைந்து காட்டிய கருவி அது. பேராசிரியருக்கோ சந்தோஷம். உழைப்பு கையையே தின்றுவிடுகிறது, அருமையான முடிவு, வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றார்.*

* வெள்ளிக்கிழமை தவறினால் பதிவு ரத்தாகிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது தவணை கிடையாது.

3

சுலக்ஷனாவுக்குச் சந்தேகம் விடவில்லை. மறுபடி போன அன்று மழை. காளியாயி இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து ஒரே முறுக்கு முறுக்கினார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

(இந்தக் காட்சியை என் கற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விசாரித்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.)

"காளியாயி அத்தே, அன்னைக்கு வெறும் பத்துதானே வந்துச்சு?"

"அன்னைக்கு எனக்குக் காச்சலு."

"நாப்பது பேருக்குமா காச்சலு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தா பாரு புள்ள. முன்ன ஒருத்தரு கடிகாரத்தோட வந்தாரு. எவ்வளவு வேகமா பறிக்கிறோம்னு பாக்கணும்னாரு. நாங்களும் இளிச்சுக்கிட்டே பறிச்சுக் காட்டுனோம். மறு மாசமே அன்னாடம் பறிக்க வேண்டியதுல ஆளுக்கு ரெண்டு கிலோ கூட்டிட்டாங்க. அது வராட்டி அரைப் பேரு, அரைநாள் சம்பளந்தான். இப்ப நீ எங்க கை பலம்னு எழுதி, அது தொரை மேசைக்குப் போச்சுன்னா?"

"பலமில்லன்னு எழுதுனா மட்டும்? அம்பது வயசுக் கை வேலைக்கு ஆகாதுன்னு ஒங்களையே நிப்பாட்டிட்டா?"

பேச்சியம்மா கருவியின் முள்ளைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப நடுவுல ஒன்னு போடு."

"நடுவுல போட முடியாதுங்க அத்தே. கை என்ன சொல்லுதோ அதுதான்."

"கை எங்களுது. அது என்ன சொல்லணும்னு நாங்கதானே சொல்லணும்?"

4

இங்கே எனக்குப் பேச்சியம்மா மேல் சந்தேகம் வந்தது. இப்படிப் பேரம் பேசுகிறவரை நானே மெருகேற்றிவிட்டேனோ? பிறகு எங்கள் கடை ஞாபகம் வந்தது. தோட்டத்துப் பெண்கள் பிடித்த சேலையைத் தொட்டும் பார்க்காமல் பக்கத்துச் சேலைக்கு விலை கேட்பார்கள். கடை நடத்திய என் வாப்பா அவர்களிடம் தோற்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே பேச்சியம்மாவின் பேச்சில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பெண்கள் ஓரமாகக் கூடிப் பேசினார்கள். பிறகு பேச்சியம்மா கருவிக்குக் கையை நீட்டினார்.

"குடு. எவ்வளவுன்னு மொதல்ல எங்களுக்குத் தெரியட்டும்."

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பின்னால் நின்ற காளியாயி, "ஆத்தாடி, புருசன் கழுத்துன்னு நெனச்சிட்டியா?" என்றார். நாற்பது பேரும் அழுத்தினார்கள். சுலக்ஷனா புதிய தாளில் எழுதிக்கொண்டார்.

"போடறதும் போடாததும் ஒன் மனசு," என்றார் பேச்சியம்மா. "ஆனா திரும்ப இங்கதான் வரணும். எங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

ஆக, ரயிலில் என் பக்கத்தில் இருந்தவரின் மடியில் இரண்டு தாள்கள்.

5

முடிவுகளை விரித்துப் போடுகிறேன்.

அ. பொய்த் தாளைக் கொடுக்கிறார். பட்டம் கிடைக்கிறது. அடுத்த வருடம் பேச்சியம்மாவின் வயதுக்காரர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்—

ஆ. உண்மைத் தாள். பட்டம் கிடைக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் புதிய கிலோக் கணக்கு—

இ. எதையும் கொடுக்கவில்லை. நாலு வருடப் படிப்பு ஒரு கோப்புக்குள்—

மூன்றையும் எழுதிப் பார்த்து மூன்றையும் பாதியில் நிறுத்தினேன். யாருடைய நட்டத்தை அழகான வாக்கியமாக்குவது?

பேராதனையில் அவர் இறங்கும்போது, "எதக் குடுக்கப் போறீங்க?" என்றேன்.

"ஜன்னல் சீட்டுக்கு மேல கேக்குறீங்க," என்று சிரித்தார். இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கழிந்த பிறகு, என்ன செய்தார் என்று போனில் அவரே சொன்னார். பேச்சியம்மாவின் இலக்கத்தையும் கொடுத்தார். அச்சுக்கு அனுப்புமுன் அழைத்தேன். (எங்களைப் போன்ற முஸ்லிம் கடைக்காரர்களைத் தோட்டத்தில் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்பார்கள்.)

"எழுதுங்க நானா. எத்தன கிலோன்னு போட்டீங்களா?"

"ரெண்டாவது தடவ வந்தது போடல."

"புள்ள எந்தத் தாளக் குடுத்துச்சுன்னு?"

"அதுவும் போடல."

"அப்பச் சரி."

எனக்கு இரண்டும் தெரியும். நீங்கள் தாளை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள், அல்லது கோப்பை மூடிவிடுங்கள். எதைச் செய்தாலும் வெளியே சொல்லாதீர்கள். துரைமாரும் கதை படிக்கிறார்கள்.