ஐப்பசிக்கு வளைகாப்பு

வாருங்கள்! பசுவந்தனைக்குப் போகும் தார்ச்சாலையின் ஓரத்தில் வந்து நில்லுங்கள். விசிலடிக்க அல்ல இந்த அழைப்பு, சாட்சியாக நிற்க. தை மாதக் கடைசியில் அம்மன் கோயில் கொடைவிழா. கொடைக்குக் குதிரைவண்டிப் பந்தயம். அந்த வண்டி வரிசையில் முதல் வண்டிக்கு எந்தக் குதிரையைப் பூட்டப் போகிறார்கள் தெரியுமா? டெர்பி வென்ற குதிரையை. ஐந்து குட்டிகளை ஈன்று ஐந்தையும் பிறர் கையில் கொடுத்த குதிரையை. ஆறாவது குட்டியை வயிற்றில் சுமந்து நிற்கும் குதிரையை! போக நான்கு மைல், வர நான்கு மைல், சாட்டையின் கீழ் அவள் ஓட வேண்டும். ஓட்டப் போகிறவர்கள் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவளுக்குத் திருநீறு பூசி, கழுத்தைத் தடவி, "ராசாத்தி" என்று கொஞ்சிவிட்டுத்தான் பூட்டுவார்கள்.

கொஞ்சியவர்களில் முதலாமவன் உக்கிரபாண்டி. அவனுடைய மனைவி உமாராணி.

பந்தயத் திடலில் அந்தக் குதிரைக்கு லேட் மான்சூன், பிந்தி வரும் மழை, என்று பெயர். கிண்டியில் முதன்முதலாக ஓடிய அன்றே வென்றாள். ஊட்டியின் கோடைப் பந்தயங்களில் அவளுக்காகவே கூட்டம் கூடியது. பெங்களூரில் டெர்பி என்னும் பெரும்பந்தயம் ஓடினாள். கடைசி வளைவு வரை பின்வரிசையில் கிடந்தாள். எல்லாரும் கைவிட்ட பிறகு வெளிப்பக்கமாக விலகி, வானம் பொத்துக்கொண்டாற்போல வந்து இறங்கினாள். கோப்பையை ஏந்தியது முதலாளி. புகைப்படத்தில் சிரித்ததும் முதலாளி. முன்னங்காலின் தசைநார் கிழிந்ததும் திடல் அவளை மறந்தது. இனப்பெருக்கப் பண்ணை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பொலிகுதிரையோடு ஆண்டுதோறும் சேர்த்தார்கள். ஆண்டுக்கொரு குட்டி. பால் மறந்ததும் பிரித்தார்கள், ஏலத்தில் விற்றார்கள். அவற்றுள் ஒன்று ஊட்டியிலேயே கோப்பை வென்றதாம். பெற்றவளுக்கு அந்தச் செய்தியை யார் சொல்லப் போகிறார்கள்?

பிறகு இரண்டாண்டுகள் அவளுக்குச் சினை பிடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு வைகாசியில் கடைசியாக ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்கள். அவசரமாக ஒரு சோதனை செய்தார்கள். ஒற்றைச் சொல்லில் தீர்ப்பை முடித்தார்கள். மலடி! எத்தனை பெண்களின் முதுகில் இந்த நாடு ஒட்டிய சொல் அது. குதிரையையும் விட்டுவைக்கவில்லை.

உக்கிரபாண்டி அவளைக் கைபேசியில்தான் முதலில் கண்டான். டெர்பியின் ஒளிப்பதிவை டீக்கடையில் ஊருக்கே காட்டினான். "ஏலே, இங்கன பாரு! எல்லாரும் முடிஞ்சி போச்சின்னு நினைக்கும்போது வாரா பாரு!" கையிருப்பையெல்லாம் கொட்டிப் பண்ணையிலிருந்து அவளை வாங்கி வந்தான். அவள் லாரியிலிருந்து இறங்கிய ஐப்பசி மாலையில் அவ்வாண்டின் முதல் மழை கரிசலில் விழுந்தது. உமாராணி அந்த ஆங்கிலப் பெயரை நாக்கில் புரட்டிப் பார்த்தாள், சரிப்படவில்லை. ஐப்பசி என்று கூப்பிட்டாள். குதிரை திரும்பிப் பார்த்தது.

கரிசல்காட்டானுக்குக் கால்நடையின் நோவு எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: பருத்திக்கொட்டை. மெலிந்த மாட்டுக்கும் பருத்திக்கொட்டை, கன்று ஈன்ற மாட்டுக்கும் பருத்திக்கொட்டை. உக்கிரபாண்டி கொள்ளும் தவிடும் போதாதென்று பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிந்து ஐப்பசிக்கு வாளி வாளியாக வைத்தான். மார்கழியில் அவளுடைய வயிறு கீழே சரிந்தது. ஊரே சிரித்துத் தீர்ப்புச் சொன்னது: "பருத்திக்கொட்டை வயிறு! பந்தயத்துக்கு முன்னால நாலு நாள் ஓட்டினா வத்திரும்."

உமாராணியும் அப்படித்தான் நம்பினாள். தை பிறந்த பின் ஒரு காலையில் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை இறைத்து ஐப்பசிக்குக் காட்டினாள். குதிரை மடமடவென்று குடித்தது. குடித்து நிமிர்ந்ததும் அதன் விலாவுக்குக் கீழே தோல் சட்டென்று துள்ளியது. உமாராணி வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அங்கே பதித்தாள். உள்ளிருந்து ஒரு குளம்பு அவளுடைய கையைத் தட்டியது.

அன்றே கால்நடை மருத்துவர் சபிதாவை அழைத்து வந்தாள். சபிதா நாசரேத்துக்காரி, இளம் வயது, பேச்சில் சிக்கனம்.

"டாக்டரம்மா, மலடி வயித்துக்குள்ள இருந்து யாரு உதைக்கா?"

சபிதா தோள்வரை கையுறை மாட்டிச் சோதித்தாள். முகம் மாறியது.

"சினைதான்க்கா. ஒம்பதாவது மாசம். பண்ணையில தப்பாப் பாத்துட்டு வித்திருக்காங்க. குதிரைக்கு மொத்தம் பதினோரு மாசம். இந்த நிலையில இவளை வண்டியில பூட்டி விரட்டினா குட்டி நிச்சயமாப் போயிரும். தாய் பிழைக்கதும் கஷ்டம்."

அதை உமாராணி உக்கிரபாண்டியிடம் சொன்னாள். அவன் புதிய சாட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு ஆடு மாடுதாம்ட்டி தெரியும். பண்ணைக்காரன் பெரிய பெரிய டாக்டர வச்சிப் பாத்துல்லா மலடின்னு எழுதிக் குடுத்தான்!"

"உங்க கையாலயே தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாத்து என்ன செய்ய? வெத்தலை பாக்கு மாத்தியாச்சி. மைக்குல பேரை வாசிச்சாச்சி. இனி பின்வாங்கினா சேலை கட்டிக்கோன்னு சொல்லுவானுவ."

"கட்டினா என்ன குறைஞ்சி போச்சி? நானும் இத்தனை வருசமாக் கட்டிட்டுத்தான் அலையுதேன்."

அவன் எழுந்து போய்விட்டான். தொட்டுப் பார்க்கவே அஞ்சினான் என்பது உமாராணிக்குப் புரிந்தது. வெற்றிலை மாற்றிய வாக்குக்கும் ஓர் உயிருக்கும் இடையில் நிற்கும் ஆண், உயிரின் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டான். பார்த்துவிட்டால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்குமே!

குதிரையை அவிழ்த்துக் கடம்பூரிலுள்ள அண்ணன் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடலாமா என்று அவள் யோசித்தாள். பின்னாலேயே ஆள் வரும். காவல் நிலையத்துக்குப் போகலாமா? குடும்பச் சண்டையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர் அறிய, ஊர் ஒப்ப, இனி எவனும் அவளைப் பூட்டத் துணியாதபடி தடுக்க வேண்டும். மருத்துவரின் சொல்லுக்கு மடங்காத இந்த ஊர் எதற்கு மடங்கும்? மறுநாள் களத்துமேட்டில் உளுந்து உலர்த்தும்போது அவளுக்கு விடை கிடைத்தது. சினைமாட்டை ஏரில் பூட்டாத ஊர் இது. வளையல் அடுக்கிய சூலியிடம் தண்ணீர்க் குடம் கூடக் கேட்காத ஊர் இது. அந்த வழக்கத்தையே ஆயுதமாக எடுத்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் தெருத்தெருவாகப் போய், "நாளைக் காலைல எங்க வீட்டுல வளைகாப்பு" என்று பெண்களை அழைத்தாள்.

அடுத்த வீட்டு நேசம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "யாருக்குட்டி வளைகாப்பு? உன் மகன் இன்னும் பாலிடெக்னிக்கே முடிக்கலையே?"

"வந்து பாருங்கக்கா."

"பின்ன உனக்கா? ஆத்தாடி! உக்கிரபாண்டி குதிரை மேல மட்டுந்தான் பிரியமா இருக்காருன்னுல்லா நினைச்சேன்!"

"சிரிக்காதீங்கக்கா. வளையலோட வாங்க."

ஞாயிறு விடிந்தது. பெண்கள் தாம்பாளங்களோடு வந்தார்கள். நேசம்மாள் முதல் ஆராதனை முடித்து வேதப்புத்தகத்தோடே வந்தாள். முற்றத்தில் நின்றது ஐப்பசி. தாம்பாளங்களைத் தாங்கியபடியே ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வந்த சிரிப்பில் கூரைக் காகங்கள் பறந்தன. உமாராணி சிரிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் குதிரைக்குக் காட்டினாள். ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து அந்த விலாவில் வைத்தாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. பிள்ளை பெற்ற கைகளுக்கு விளக்கவுரை எதற்கு? சந்தனம் அரைத்தவள் அரைத்தாள். குங்குமம் இட்டவள் இட்டாள். சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்களை மஞ்சள் கயிற்றில் கோத்து, டெர்பி மாலை விழுந்த அதே கழுத்தில் அணிவித்தார்கள். குலவைச் சத்தம் கோயில் ஒலிபெருக்கியைத் தாண்டிக் கேட்டது. கடம்பூர்ப் போளி கைக்குக் கை மாறியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் உக்கிரபாண்டி ஓடிவந்தான். பின்னால் விழாக் குழுத் தலைவர் செண்பகராஜ். அவருக்குப் பின்னால் வண்டியை இழுத்துக்கொண்டு பத்துப் பேர்.

"என்னம்மா கூத்து இது?" என்றார் செண்பகராஜ். "குதிரைக்கு வளைகாப்பா? நாளைக்கு நாய்க்குச் சடங்கு வைப்பியளோ?"

"வச்சா உமக்கும் சொல்லி விடுதோம்," என்றாள் நேசம்மாள். "மொய்யோட வாரும்."

உமாராணி குதிரைக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, உங்க தொழுவுல ஒரு சினைப்பசு நிக்குல்லா? அதை நாளைக்கு ஏர்ல பூட்டுங்க. இவளை இப்பவே என் கையால வண்டியில பூட்டித் தாரேன்."

"சினைப்பசுவையா? பாவம்லா அது!"

"அது பாவம், இது மட்டும் பந்தயமா?"

"அது மாடும்மா. இது குதிரை."

"சூலுக்கு ஏது அண்ணாச்சி சாதி? வளையல் போட்ட சூலி இவ. போட்டவிய எல்லாரும் உங்க வீட்டுப் பொம்பளையதான். உங்க மதினியும் நிக்காவ, பாத்துக்கோங்க. இத்தனை பேரு வளையலையும் உடைச்சிட்டுத்தான் பூட்டணும். உடைக்கிற கை எது? முன்னால வரட்டும்."

எந்தக் கையும் வரவில்லை.

உக்கிரபாண்டி மட்டும் சாட்டையோடு நின்றான். உமாராணி அவனுடைய இடக்கையைப் பற்றிக் குதிரையின் விலாவில் அழுத்தினாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை. அப்போது உள்ளிருந்து வந்தது அந்த உதை. ஒளிப்பதிவின் கடைசி வளைவில் அவளைக் கண்டு நூறு முறை துள்ளிய மனிதன், தன் உள்ளங்கையில் அவளுடைய குட்டி துள்ளியதும் சாட்டையைத் தாழ்த்தினான்.

"ஏட்டி..." என்றான்.

சாட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு நேரே கோயில் வாசலுக்கு நடந்தான். மைக்கை வாங்கினான். "என் குதிரை ஓடாது. அது சூலா இருக்கு. பாக்காம வெத்தலை மாத்தினது என் தப்பு," என்றான். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சித்தப்பா, சேலை எடுத்துத் தரட்டுமா?"

"எடுத்துக் குடுலே, நல்ல அரக்குச் சிவப்பா எடு. வளைகாப்பு வீட்டுக்கு ஆகும்."

ஊர் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் இளக்காரத்தின் எச்சில் இல்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் உங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. பந்தயம் நிற்கவில்லை. ஐப்பசியின் இடத்தில் இன்னொரு குதிரையைப் பூட்டினார்கள்; அதுவும் ஏதோவொரு பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த குதிரைதான். எல்கையைத் தொட்டுத் திரும்பும் வளைவில் அதன் முன்னங்கால் ஒடிந்தது. செய்தி கேட்டு உமாராணி சபிதாவை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அது தார்ச்சாலையில் கிடந்து தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. சபிதா ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தாள்.

"பழைய வீக்கம்க்கா," என்றாள். "காலையில ஒரு தடவை தடவிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். என்னை யாரும் கூப்பிடலை."

இதற்கு வளையல் போட ஆளில்லையே என்று உமாராணி அதன் கண்ணை மூடினாள். தான் வென்றதாகக் காலையில் எண்ணியது அவளுக்கு அப்போது கசந்தது.

சித்திரையில் ஐப்பசி ஒரு பெண்குட்டியை ஈன்றாள். செய்தி எப்படியோ பண்ணைக்குப் போய், அங்கிருந்து ஒருவர் கைபேசியில் அழைத்தார். பொலிகுதிரை தங்களுடையது, ஆகவே குட்டியும் தங்களுடையதே என்றார்.

"மலடிக்கு ஏது சார் குட்டி?" என்றாள் உமாராணி. "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?" வைத்துவிட்டாள்.

அந்தக் குட்டிக்குத் திடலின் பதிவேட்டில் பெயரில்லை. எவருக்காகவும் ஓட வேண்டிய கடனும் இல்லை. உளுந்து அறுத்த காட்டில் தாயைச் சுற்றித் தன் விருப்பத்துக்கு ஓடுகிறது.

உமாராணி ஓயவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்: பெயர் வாசிக்கும் முன்பு, வெற்றிலை மாற்றும் முன்பு, ஒவ்வொரு குதிரையையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாமென்றால் அது ஓடக்கூடாது. உக்கிரபாண்டி அவளுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றான். "அடுத்த வருசம் பாப்போம்மா," என்றார் செண்பகராஜ். "நானும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன் அண்ணாச்சி," என்றாள் அவள்.

ஓர் ஊரில் ஒருத்தி கேட்டால் அது வம்பு. ஊருக்கு ஊர் கேட்டால் அதுவே சட்டம்! உங்கள் ஊர்க் கொடைக்கும் நாள் குறித்திருப்பார்கள். பந்தய வண்டிக்கு வெற்றிலை தயாராக இருக்கும். போங்கள். குழுவின் முன்னால் நின்று கேளுங்கள்: மருத்துவர் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால், வளையலுக்குக் காத்திராமல், பூட்டும் முன்பே வண்டிக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நில்லுங்கள்!