நூலுக்கு ஒரு பின்னிணைப்பு

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் அது இன்னும் மோசமாக இருக்கும். அவள் இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் முட்டாள்தனம் ஒரு சுற்று பெருத்துவிடுகிறது.

அக்கா தையல் மெஷின் பழுதுபார்ப்பவள். ஏழு வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரித்துவிட்டு, போதும் என்று வெளியே வந்து, முதல் மாடியில் ஓர் அறையைப் பிடித்துப் பட்டறை போட்டாள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரு மனிதக் குரல் காதில் விழாது என்பாள். பட்டறைக்கு வருகிறவர்கள் மெஷினை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக் கதையையும் இறக்கி வைப்பார்கள். அக்காவுக்கு இரண்டும் வேண்டும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு தெருவில் மேம்பாலம் கட்டுகிறோம் என்று ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகத் தகரத் தடுப்பு வைத்தார்கள். பெயர்ப்பலகை தகரத்துக்குப் பின்னால் போனது. அதோடு ஆட்களும் போனார்கள். அக்கா சொல்ல நான் எழுதி வைத்திருந்த இணையதளத்தைத் தேடினால் நான்காம் பக்கத்தில் கிடந்தது. தேடுகிறவர்களில் யார் நான்காம் பக்கம் வரை வருகிறார்கள்? சொந்தத் தங்கை நானே அன்றுதான் முதல் முறை போனேன்.

அந்த நேரம் பார்த்துப் பழைய தொழிற்சாலை கூப்பிட்டது. வேறு ஊரில் புதுக் கட்டடம், தங்குவதற்கு விடுதி, இரண்டு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். அக்கா அன்று முழுவதும் யோசித்தாள். சாப்பிடும்போது முடிவைச் சொன்னாள்.

"கடைசி வாரத்துல, தேடி வந்தவங்க அஞ்சு பேரு மெஷினோட இந்தப் படி ஏறணும். அஞ்சு பேரு வந்தா இருக்கேன். நாலு பேருன்னா கெளம்பிடுவேன்."

ஒரு திருகாணியைக்கூடக் கண்ணளவில் முடுக்காதவள் அவள். ஐந்து என்றால் ஐந்துதான். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போய்விட்டால் நான் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது.

தளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நான் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் தமிழில் உதவிக் குறிப்பு எழுதுகிறவள். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்ற நினைப்பு.

படித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. வாடகைக்கு வருகிறவன் நல்லவனா என்று அவனிடமேவா விசாரிப்போம்? பழைய வீட்டுக்காரரிடம்தான் கேட்போம். தேடுபொறியும் அதைத்தான் செய்கிறது. நாம் நம்மைப் பற்றி என்ன எழுதினாலும் பாதிதான் நம்பும். வேறு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுத்து நம்மை நோக்கிக் கைகாட்டுகின்றன, அந்தக் கைகாட்டுகிற தளங்களுக்கு என்ன மரியாதை என்று பார்க்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது அல்லவா, அதனால் பின்னால் நிற்பவர்களைக் கேட்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரே வாரத்தில் ஐநூறு இணைப்பு போட்டுத் தருகிறேன் என்றார், போட்டும் விட்டார். சூதாட்டத் தளங்கள், வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் தளங்கள், என்ன மொழி என்றே தெரியாத தளங்கள் எல்லாம் அக்காவின் பட்டறையைக் கைகாட்டின. அடுத்த வாரம் தேடினேன். நான்காம் பக்கத்தில் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் இருந்தோம். ஊரில் உள்ள போக்கிரிகள் எல்லாம் வந்து "இவர் எங்க ஆளு" என்று சாட்சி சொன்னால் வீடு கிடைக்குமா? பக்கத்து மேசைக்காரரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லா இணைப்பையும் எடுக்கச் சொல்லிக் கூடவே உட்கார்ந்தேன்.

பிறகு ஓர் ஆசை வந்தது. முதல் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த கடையை யார் யார் கைகாட்டுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அதற்கென்று கருவி இருக்கிறது. ஒரு நாடகக் குழு, உடைகள் தைத்த கதையில் அந்தக் கடையைச் சொல்லியிருந்தது. ஒரு கல்லூரி விடுதி அறிவிப்பில் இருந்தது. திரைச்சீலை கிழிந்து அழுத ஒரு பெண்மணி, அழுகை நின்றது யாரால் என்று எழுதியிருந்தார். அடுத்த வீட்டுக் கதை கேட்பதுபோல் நேரம் போவதே தெரியவில்லை. ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னாலும் ஓர் ஆளும் ஒரு காரணமும் இருந்தன.

சரி, நானும் ஆட்களைக் கேட்கிறேன் என்று நாற்பது தளங்களுக்குக் கடிதம் எழுதினேன். இங்கேதான் சனி பிடித்தது. இப்படிக் கைகாட்டும் இணைப்புக்கு ஆங்கிலத்தில் பேக்லிங்க் என்று பெயர். அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அலுவலகச் சொற்பட்டியலில் அதற்கு 'பின்னிணைப்பு' என்று போட்டிருக்கிறோம். போட்டது நான்தான். ஆகவே நாற்பது பேருக்கும் இப்படி எழுதினேன்: 'நூல் அறுவது, நூல் சிக்குவது பற்றி எங்கள் தளத்தில் விரிவாக எழுதியிருக்கிறோம். எங்கள் நூல் பக்கத்திற்குத் தாங்கள் ஒரு பின்னிணைப்பு தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.'

நாற்பதில் ஒன்று 'நூலும் பிழையும்' என்ற தளம். நூலகங்கள், கல்லூரிகள், பதிப்பகங்கள் என்று பெரிய பெரிய இடங்களெல்லாம் அதைக் கைகாட்டுவதாகக் கருவி சொன்னது. நூலில் வரும் பிழைக்கு இவ்வளவு மரியாதையா, தையல்காரர்கள் வாழ்க என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை. நாற்பது கடிதம் அனுப்புகிற அவசரத்தில் யார் திறந்து பார்ப்பார்கள்?

முப்பத்தெட்டுப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் திட்டினார். ஒன்பதாம் நாள் 'நூலும் பிழையும்' தளத்திலிருந்து பதில் வந்தது. கூடவே பதினொரு பக்கக் கோப்பு. மேலே தடித்த எழுத்தில் 'பின்னிணைப்பு' என்று இருந்தது.

எழுதியவர் மெய்ப்புத் திருத்துகிறவர். அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை பார்ப்பது அவர் தொழில். அவர் தளத்தில் நூல் என்றால் புத்தகம். பின்னிணைப்பு என்றால் புத்தகத்தின் கடைசியில் சேர்க்கும் பகுதி. தமிழ் தெரிந்த யாருக்கும் அதுதான் அர்த்தம், எங்கள் அலுவலகத்தைத் தவிர. யாரோ தங்கள் புத்தகத்துக்குப் பின்னிணைப்பு கேட்கிறார்கள் என்று அவர் எங்கள் தளத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்திருக்கிறார். முதல் பகுதியில் விட்டுப்போன புள்ளிகள் மட்டும் நாற்பத்தொன்று. இரண்டாம் பகுதியில் மெஷின் உறுப்புகளின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். இவ்வளவு அழகான பட்டியலை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மூன்றாம் பகுதி ஒரே ஒரு பத்தி. அவர் வீட்டில் மூன்று வருடமாகத் தைக்காத ஒரு மெஷின் இருந்ததாம். அகராதிகளை அடுக்கி வைக்கப் பயன்பட்டதாம். எங்கள் பக்கத்தைப் படித்த ஆர்வத்தில் அகராதிகளை இறக்கிவிட்டு, நூல் சிக்கினால் என்ன செய்வது என்று அதில் சொல்லியிருந்த ஆறாம் படியைச் செய்து பார்த்திருக்கிறார். 'மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் துணிக்கு அடியில் சிக்கியது. பிழை உங்கள் நூலிலா, என் நூலிலா?'

முதலில் சிரித்தேன். பிறகு ஆறாம் படியைத் திறந்தேன். 'துணிக்குக் கீழே நூல் சிக்கினால், கீழே உள்ள பாபினைக் கழற்றிச் சரிசெய்யவும்' என்று இருந்தது. ஏதோ உறுத்தியது. பட்டறைக்கு எடுத்துப்போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கையிலிருந்த எண்ணெய்க் குப்பியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் என்னடி சொன்னேன்? கீழ சிக்குனா மேல பாருன்னு சொன்னேன்."

"நீ வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நெனச்சு, நான் திருத்திட்டேன்."

 அவள் ஒரு மெஷினைத் திருப்பிக் காட்டினாள். மேல்நூல் தளர்ந்து கிடந்தால் அது கீழே போய்க் குவிகிறது. பார்க்கிறவன் கீழே குவிந்ததைத்தான் பார்க்கிறான், கீழ்நூல் சுற்றிய பாபினைப் போட்டு நோண்டுகிறான். இத்தனை வருடத்தில் அக்கா கற்றதில் பாதி அந்த ஒரு வாக்கியம். அதை நான் ஒரு நிமிடத்தில் தலைகீழாக்கி ஊருக்கெல்லாம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதமாக இரண்டு மூன்று பேர் கூப்பிட்டு "நீங்க எழுதினபடி செஞ்சோம், சரியாகல" என்றது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தை எவன் கைகாட்டுவான்? அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

அக்காவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். "அந்தம்மா மெஷின் என்னாச்சு?" என்று கேட்டாள். கடிதத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டோம். எதிர்முனையில் அக்கா வயதுக் குரல். முதல் கேள்வியே, பின்னிணைப்பு போதுமா, பொருளடைவும் வேண்டுமா என்பதுதான். நான் அப்போதே அவருக்குப் புள்ளி மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன். நான் கேட்டது எதை என்று விளக்கினேன்.  அந்தப் பொருளில் அந்தச் சொல்லை யார் போட்டது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பொய்தான், வேறு வழி இல்லை.

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். துணியை அழுத்துகிற பாதம் இறங்கி இருக்கும்போதா நூல் கோர்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றார். பாதம் இறங்கி இருந்தால் மேல்நூல் பிடிப்புக்குள் போகாது, தூக்கிவிட்டுக் கோர்த்துப் பாருங்கள் என்றாள். மெஷின் ஓடும் சத்தம் போனில் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. "தைக்குது," என்றார் புள்ளி மேடம்.

அன்றே ஆறாம் படியைத் திருத்தினேன். கீழே சிக்கினால் மேலே பார் என்பதையே தலைப்பாக்கினேன். அக்கா சொல்லச் சொல்ல ஒரு புள்ளி மாற்றாமல் எழுதினேன். பக்கத்தின் கடைசியில் அந்தப் பெயர்ப் பட்டியலைப் புள்ளி மேடத்தின் பெயரோடு சேர்த்தேன். நான் கேட்கவே இல்லை, இரண்டு நாள் கழித்து அவர் தன் தளத்தில் எழுதினார்: 'நூலைப் பற்றி ஒரு நல்ல நூல். பின்னிணைப்பு மட்டும் என்னுடையது.' அந்த வரியில் எங்கள் தளத்துக்கு இணைப்பு இருந்தது.

அவரைப் படிக்கிறவர்கள் புத்தகக்காரர்கள். புத்தகக்காரர்களில் புத்தகம் தைப்பவர்களும் உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை. புத்தகம் கட்டும் ஒரு பட்டறை எங்களைக் கைகாட்டியது. அதைப் பார்த்து ஒரு தையல் பள்ளி. பிறகு ஒரு நாடக உடைக்காரர். கடைசி வாரம் தொடங்கும்போது பதினோரு இணைப்புகள் இருந்தன. ஐநூறு எங்கே, பதினொன்று எங்கே! ஆனால் பதினொன்றும் ஆறாம் படியைச் செய்து பார்த்தவர்கள் போட்டவை. நாங்கள் முதல் பக்கத்தில் ஏழாவதாக இருந்தோம்.

திங்கட்கிழமை, பை தைக்கும் ஒரு மாணவி மெஷினோடு வந்தாள். செவ்வாய் யாரும் இல்லை. புதனன்று திரைச்சீலைக் கடைக்காரர், வியாழனன்று புத்தகம் கட்டுகிறவர். வெள்ளி முழுக்க நான் அலுவலகத்திலிருந்து மணிக்கொரு முறை கூப்பிட்டேன். சாயங்காலம் ஒருவர் குழந்தைச் சட்டை தைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். நான்கு. சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறை வாசலில் உட்கார்ந்தேன். மதியம் தாண்டியது. அக்கா கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

ஐந்து மணிக்குப் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண்மணி மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்தார். மேசையில் வைத்துவிட்டு, சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டாவது வரியில ஒரு புள்ளி இல்ல," என்றார். யாரென்று சொல்லவே வேண்டாம்.

அக்கா மெஷினை ஓட்டிப் பார்த்தாள். பட்டுப்போல ஓடியது. "இதான் சரியாயிடுச்சே. எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

"சரியாயிடுச்சுன்னு எனக்குத் தோணுது. நம்ம வேலைய நாமளே பாத்தா தப்பு தெரியாதுங்க. வேற ஒருத்தர் பாத்துச் சொல்லணும்."

அக்கா தையலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. தேடுபொறியில் தேடி வந்தவர் அல்ல இவர். நான் தவறாக எழுதிய கடிதத்தால் வந்தவர். கண்ணளவில் திருகாணி முடுக்காதவளிடம் இதை மறைக்க முடியாது. மறைக்கவும் எனக்கு மனமில்லை.

"இவங்க தேடி வரல அக்கா. நான்தான் கடிதம் போட்டேன்," என்றேன். 

அக்கா பெட்டியைத் திறந்தாள். துடைத்து வைத்த சிறிய திருப்புளியை வெளியே எடுத்தாள்.

"மூணு மாடிப்படி மெஷினைத் தூக்கிட்டு ஏறி வந்திருக்காங்க. இதுக்குப் பேரு தேடி வர்றது இல்லன்னா, வேற எதுக்கு?" என்றாள். பிறகு புள்ளி மேடத்தைப் பார்த்து, "உக்காருங்க. மேல்நூல் கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றாள்.

"ஒரே மாடிதான்," என்றார் புள்ளி மேடம். "மூணு மாடின்னு சொல்றது பிழை."

அக்கா திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, தொழிற்சாலையின் எண்ணைப் போட்டுத் தரச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்தாள். நான் மேசைக்கு அடியில் குனிந்து, விழாத எதையோ தேடுவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.