இரண்டாவது அடுப்பு

மணலி புதுநகரில் வேலைக்குப் பக்கமாக ஓர் அறை பேசிவிட்டுத்தான் அந்த ஒற்றை பர்னர் அடுப்பை வாங்கினேன். கட்டிலுக்கு அடியில், செத்துப்போன அப்பாவின் வலைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மாதா கோயில் திருவிழா முடிந்ததும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவதாக இருந்தேன். எனக்கு வாயைத் திறக்க எப்போதும் ஒரு திருவிழா முடிய வேண்டும்.

அதற்குள் திருவொற்றியூர்க் கரையில் எங்கள் குடிசைகளைக் கணக்கெடுக்க வருவதாகச் செய்தி வந்தது. எர்ணாவூரில் மாற்று வீடு தருவார்கள், தனி அடுப்பு இருந்தால் தனி வீடு என்று கரையெல்லாம் பேச்சு. அம்மா சிலுவையம்மாள் என் அடுப்பை வெளியே இழுத்தாள். எதற்கு வாங்கினாய் என்று கேட்கவில்லை. நடுவில் ஒரு புடவையைக் கட்டி, அந்தப் பக்கம் அண்ணன் சாலமோனும் அண்ணி லூர்தும் தனிக்குடித்தனம் என்றாள். இரண்டு வீடு கிடைத்தால் ஒன்றில் எல்லோரும் இருப்பது, இன்னொன்று என் கல்யாணத்துக்கு. அதிகாரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கு மூன்று நாள் பாடம் எடுத்தாள்.

அவன் பாடத்தை மீறிப் பேசினான்.

"ரெண்டு வருசமா இவங்க கையால துன்றதில்ல சார். இந்த வூட்ல மனுசன் இருப்பானா?"

அதிகாரி எழுதிக்கொண்டார். பிள்ளையின் நடிப்பைப் பார்த்து அம்மாவுக்குப் பூரிப்பு. லூர்து மட்டும் சிரிக்கவில்லை.

எர்ணாவூரில் இரண்டு வீட்டுக்கும் சாவி வந்த அன்றே அண்ணன் பெண்டாட்டியையும் என் அடுப்பையும் ஆட்டோவில் ஏற்றினான். நீ சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன் என்று அம்மாவிடம் கேட்டான். நானும் அம்மாவும் இன்னொரு வீட்டுக்குப் போனோம். அடுத்த ஞாயிறு, பக்கத்து பிளாக்கில் இருந்த அவன் வீட்டுக்கு அம்மா வஞ்சிரக் குழம்போடு படியேறினாள். சாப்பிட்டாயிற்று என்று லூர்து வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். உள்ளே அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவுக்காக இல்லை, அவன் முந்திக்கொண்டானே என்று. முதலில் போகிறவன் செய்தால் தனிக்குடித்தனம். அடுத்துப் போகிறவள் பெற்றவளை அநாதையாக்கியவள்.

அம்மா குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்தாள்.

"அடுப்பு எதுக்கு வாங்கினன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. அத்த எடுத்துகினா நீ போமாட்டன்னு நெனச்சேன். அவன் போவான்னு நெனைக்கல."

சட்டியில் நாலு துண்டு மீன் இருந்தது. நாலையும் நானே தின்றேன். மறுநாள் மணலி அறைக்காரருக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.